பதினோராவது திருகாணி

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு
லேப்டாப் மூன்றாம் முறையாக அணைந்தது.
தொட்டால் தோசைக்கல்.
விடிந்தால் நாற்பத்திரண்டு பேருக்கு வாரச் சம்பளம்,
பீஸ் கணக்கு முழுக்க அதற்குள்.

பூபதி நைட் ஷிப்ட்.
காம்பாக்டிங் மிசின் சூட்டில் நிற்கும் ஆளைக் கூப்பிட்டு
என் சூட்டைச் சொல்ல மனசு வரவில்லை.
கடைக்காரர் போனில்,
"திங்கக்கிழமை கொண்டாங்கம்மிணி" என்றார்.
சனிக்கிழமையைத் தாண்டித்தானே திங்கள் வரும்.
வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் சாமானெல்லாம் மேலே ஏறிவிட்டது,
நொய்யல் உள்ளே வந்து போன வீடு மாதிரி.
ரவுட்டர் பீரோ உச்சியில்.
சார்ஜர் ஒயர் ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டு.
பிளக் ஓட்டைக்கெல்லாம் வெள்ளை மூடி.
இரண்டடிக்குக் கீழே நேத்ரன் ராச்சியம்.
பதினாலு மாசம்;
வாரத்துக்கு ஒரு விரற்கடை
எல்லையை உயர்த்திக்கொண்டே வருகிறான்.
என்டர் பட்டனைப் பிய்த்து எறிந்தவனும் அவன்தான்.
அந்த இடத்து ரப்பர் மொட்டை அழுத்தித்தான்
ஒரு மாசமாக எல்லாவற்றுக்கும் சரி என்கிறேன்.

தூங்கிவிட்டான்.
கவிழ்த்துப் போட்டேன்.
இட்லித் தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்:
மூலையில் கழற்றியது ஓரக் குழியில்,
குட்டையானது நடுக் குழியில்.
பதினொன்று.

மூடியைத் தூக்கினால்
விசிறியைக் காணோம், பஞ்சு.
பனியன் பஞ்சு, சாம்பல் நிறத்தில், மெத்தையாக;
உரித்தெடுத்தால் பொம்மைக்கு ஒரு சட்டை ஆகும்.
நாங்கள் இழுக்கிற காற்றைத்தான் இதுவும் இழுத்திருக்கிறது.
இருமத் தெரியவில்லை,
அணைந்து காட்டியிருக்கிறது.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டி,
பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து,
நிமிர்ந்து திரும்பினால்
உட்கார்ந்திருக்கிறான்.
மடியில் இட்லித் தட்டு.

எண்ணினேன். பத்து.
குழி குழியாக மறுபடி எண்ணினேன்.
வாயைத் திற சாமி.
ஆறு பல், நாக்கு, எச்சில்.
சிரிக்கிறான்.

அடுத்த போர்ஷன் ஜரீனா நைட்டியோடு ஸ்கூட்டியை எடுத்தாள்.
"தோட்டுத் திருகாணிங்களா?" என்றார் டாக்டர்.
"லேப்டாப்போடதுங்க."
எழுதப் போன பேனா நின்று, பிறகு எழுதியது.

படம் திறக்காமல்
அவர்கள் கம்ப்யூட்டர் வட்டம் போட்டுக்கொண்டே நின்றது.
"ரேம் பத்தலைங்க" என்றேன்,
அழுதுகொண்டேதான்.
"ரெண்டு வருசமாச் சொல்றேனுங்க" என்றான்
எக்ஸ்ரே எடுத்த பையன்.

வந்தது.
கறுப்பில் வெள்ளையாய் விலா எலும்புகள்,
ஈர்க்குச்சி மாதிரி.
எதையும் கழற்றாமல் நான் பார்த்த முதல் உள்பக்கம்.
இத்தனையும் கோத்து நிற்கிறது,
ஒரு திருகாணி இல்லை.
எங்கேயும் இல்லை.

வீடு வரும்போது மணி ஒன்றேகால்.
சாவிக்காகப் பையைத் திறந்தேன்.
மூடியின் காந்தத்தில்,
பொட்டு ஒட்டினாற்போல.
தரையில், அவன் ராச்சியத்தில் கிடந்த பை.
எக்ஸ்ரேக்கு எழுநூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தபோதும்
அங்கேயேதான் இருந்திருக்கும்.
ஜரீனா படியில் உட்கார்ந்து சிரித்தாள்;
சத்தம் கேட்டு மாடிவீட்டில் லைட் எரிந்தது.

தோளில் அவன் கனக்க
ஒரே கையால் பதினொன்றையும் முடுக்கினேன்.
பட்டனைத் தொட்டதும் விசிறி
சிணுங்காமல் சுற்றியது.
விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல் விட்ட நெற்றி.

முதல் பெயர் செல்லாத்தாள், ஓவர்லாக்.
ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு பீஸ்.
ரப்பர் மொட்டை அழுத்தினேன்.
சரி.
அடுத்தது.

நாற்பத்திரண்டும் முடித்து
இட்லித் தட்டைக் கழுவி
பரண்மேல் எட்டாத மூலைக்குத் தள்ளிய பிறகுதான்
ஞாபகம் வந்தது,
மாவு பொங்கி நிற்பது.